பெட்டிக்கும் காட்டிய கற்பூரம்

பொழிச்சலூரில் பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் விமானம் போனால், பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பிரசன்னா அந்த ஊரில் பிறந்தவன். அவன் என்ன படிப்பது என்ற பேச்சும் ஒரு விமானத்துக்கு முன்னால் தொடங்கி, அது போன கையோடு முடிந்துவிட்டது. தெருவில் எல்லாப் பிள்ளைகளும் இன்ஜினியரிங் சேர்ந்தார்கள், இவனையும் சேர்த்துவிட்டார்கள். தாம்பரத்தைத் தாண்டினால் ரோட்டின் இரண்டு பக்கமும் கல்லூரிக்கா பஞ்சம்? அதில் ஒன்றில் மெக்கானிக்கல் படித்து முடித்து, பம்மலுக்கு அந்தப் பக்கம் உள்ள தொழிற்பேட்டையில், பம்ப்புக்கு ஷாஃப்ட் கடையும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராகச் சேர்ந்தான்.

வேலை ஒன்றும் கெட்ட வேலை இல்லை. லேத்துகள் வரிசையாக ஓடும். காலையில் கம்பியாக வந்தது சாயங்காலம் ஷாஃப்டாக வண்டி ஏறும். அதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு நிறைவு இருந்தது. அவனுடைய நிறைவைத்தான் ஊரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தால் போதும். யாராவது ஒரு பெரிய மனுஷர் தோளில் கை போடுவார்.

"இன்னும் அந்தப் பட்டறையிலதான் இருக்கியாப்பா?"

"பட்டறை இல்ல அங்கிள், கம்பெனி."

"அதான்ப்பா. எண்ணெய் எல்லாம் இருக்குமே."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே வாய்தான் ஆண்டவர் சன்னிதியில் அன்பைப் பற்றிப் பாட்டுப் பாடியது. வாசலுக்கு வந்ததும் அது பிறத்தியார் கையில் ஒட்டிய எண்ணெயைத் தேட ஆரம்பித்துவிடும்.

பிரசன்னாவின் மனைவி ஜீவிதாவுக்கு ஒரு தம்பி, ஆரோன். சோழிங்கநல்லூரில் ஏதோ ஒரு கம்பெனியில் டேட்டா சயின்டிஸ்ட். அவன் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. வீட்டிலேயே மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்து கம்ப்யூட்டரிடம் தலையாட்டுவான். அவனுக்கு வரும் சம்பளத்தைப் பற்றி மட்டும் குடும்பமே குரலைத் தாழ்த்திப் பேசும்.

"மச்சான், மெக்கானிக்கல் மாதிரி கோர்ல இருந்தா கோர்லயே கிடக்க வேண்டியதுதான்," என்றான் ஆரோன் ஒருநாள், பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே. "டேட்டா பக்கம் வந்துடு. உனக்கு மெஷின் தெரியும். மெஷினும் தெரிஞ்சு டேட்டாவும் தெரிஞ்சா உன்னை அள்ளிக்கினு போய்டுவாங்க."

அள்ளிக்கொண்டு போகும் என்பது வெள்ளத்துக்கும் சொல்கிற வார்த்தைதான். அதை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வேளச்சேரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் சனி ஞாயிறு வகுப்பு. ஞாயிறு பூசையை விட்டுவிட்டு பிரசன்னா போய் உட்கார்ந்தான். அங்கே கொடுத்த முதல் பாடம், நூறு வருஷத்துக்கு முன்னால் மூழ்கிப் போன ஒரு கப்பலின் பயணிகள் பட்டியல். யார் பிழைத்திருப்பார்கள், யார் செத்திருப்பார்கள் என்று கம்ப்யூட்டரை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டவர் என்றைக்கோ தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்ட ஆத்துமாக்களை அந்த வகுப்பில் வாராவாரம் புதுப் புதுப் பிள்ளைகள் தண்ணீரில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிரசன்னா நூற்றுக்கு எண்பது பேரைச் சரியாகச் சொன்னான். வாத்தியார் பாராட்டினார். கப்பலில் இருந்தவர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கோர்ஸ் முடிந்து சான்றிதழும் வந்தது. வேலைதான் வரவில்லை. போன இடத்தில் எல்லாம் கப்பல் கணக்கையே காட்டினான். அவனுக்கு முன்னால் வந்தவனும் அதையே காட்டியிருந்தான். கடைசியில் துரைப்பாக்கம் பக்கத்தில் ஒரு கம்பெனியில், ஸ்ரீவத்சன் என்ற மேலாளர் அவனை உட்கார வைத்து காபி கொடுத்தார்.

"டேட்டா டீம்ல இப்போ இடம் இல்ல பிரசன்னா. ஆனா சேல்ஸ்ல வாங்க. நீங்க ஃபாக்டரி ஆளு, ஃபாக்டரி ஓனர்கிட்ட அவங்க பாஷையில பேசுவீங்க. ஒரே ஒரு நல்ல அக்கவுன்ட் கொண்டு வாங்க, அடுத்த நாளே உங்களை டேட்டா டீம்ல உக்கார வைக்கறேன். என் வார்த்தை."

விற்கும் பொருள் ஒரு சின்னப் பெட்டி, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. மெஷின் மேல் ஒட்டிவிட்டால் அதன் சூட்டையும் அதிர்வையும் அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை வைத்து, மெஷின் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். ஜோசியர் மனுஷனுக்குச் செய்வதை இவர்கள் மெஷினுக்குச் செய்தார்கள். ஜோசியர் எதிரில் உட்கார்ந்தாவது சொல்வார்.

பிரசன்னாவுக்கு விசிட்டிங் கார்டு அடித்தார்கள். அதில் சேல்ஸ் என்ற வார்த்தையே இல்லை. 'சீனியர் சொல்யூஷன்ஸ் கன்சல்டன்ட்' என்று இருந்தது. ஜீவிதா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"விக்கறதுக்கு இவ்ளோ நீளப் பேரா? எங்க தெருவுல கீரை விக்கறவங்க கீரைன்னு ஒத்த வார்த்தைதான் சொல்றாங்க."

"இது கொஞ்ச நாளைக்குத்தான் ஜீவி. அப்புறம் டேட்டா சயின்ஸ்."

"ஞாயித்துக்கிழமையாவது கோயிலுக்கு வருவீங்களா?"

"அதெல்லாம் வருவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயில் வாசலில் அவன் தோள் மேல் விழும் கைகளின் தோரணை மாறிவிட்டது. "ஐ.டி.யாமே?" என்றார் முன்பு எண்ணெயைப் பற்றிப் பேசியவர். ஐடி இல்லை, ஐடிக்கு வெளியே நின்று கூவுகிற வேலை என்று சொல்ல பிரசன்னாவுக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

தினமும் பல்லாவரத்திலிருந்து கீழ்க்கட்டளை வழியாகப் போய், பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பக்கம் குப்பை நாற்றத்தையும் மறுபக்கம் கொக்குகளையும் கடந்து ஆபீசுக்குப் போவான். அங்கே கற்றுக்கொண்டதெல்லாம் வார்த்தைதான். மெஷின் நின்றுபோனால் 'டவுன்டைம்'. மெஷின் ஓடினால் 'அசெட் ஹெல்த்'. ஒன்றும் தெரியாவிட்டால் 'இன்சைட்'.

ஒருநாள், பெட்டிகள் அனுப்பும் கணக்கைக் கோடுகளாக வரைந்த மாதிரிப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஒன்று தட்டுப்பட்டது. கிண்டியில் ஒரு கம்பெனியின் மெஷின்கள் எல்லாம் காலை ஏழரை மணிக்கு மொத்தமாக நின்று, அரை மணி கழித்து ஓடின. காலை ஏழரைக்கு எந்தக் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடிப்பார்கள்? ஸ்ரீவத்சனிடம் போய்க் கேட்டான்.

"சார், இது மத்தியானம் ஒரு மணி. படத்துல காலைன்னு காட்டுது. கணக்கு வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்ல ஏறுதுல்ல, அந்த ஊர் மணியை அப்படியே போடறாங்க, நம்மளை விட அஞ்சரை மணி நேரம் பின்னாடி. நம்ம மணிக்கு மாத்தணும்."

ஸ்ரீவத்சன் சிரித்தார். "பிரசன்னா, கஸ்டமர் கோடு ஏறுதா இறங்குதான்னுதான் பார்ப்பான். கீழ இருக்கற மணியை யாரு பார்க்கறா? அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

அப்புறம் என்ற நாள் அந்த ஆபீஸ் காலண்டரில் இல்லை.

பெட்டியை எங்கே விற்பது? தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. பழைய கம்பெனிக்கே போனான். பெரிய முதலாளி காலமாகி, அவர் மகன் ஹர்ஷா வந்திருந்தார். வெளிநாட்டில் படித்தவர். தகப்பனார் காலையில் வந்து மெஷின் பக்கத்தில் நிற்பார். மகன் மத்தியானம் வந்து கண்ணாடி அறையில் உட்காருவார். கேட்டில் இருந்த கேமரா போன மழையில் கெட்டுப் போயிருந்தது. அதைச் சரிசெய்யச் சொன்னால், "அதெல்லாம் ஓல்டு டெக்னாலஜி" என்பார். பிரசன்னாவின் பெட்டி புது டெக்னாலஜி. மூன்று மாதம் சும்மா ஒட்டிப் பார்க்கட்டும், பிடித்திருந்தால் மொத்தமாக வாங்குகிறேன் என்றார்.

பெட்டிகளை ஒட்டிக் கொடுத்தவர் சவுரிமுத்து. பராமரிப்பு போர்மேன். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். பெரிய முதலாளி தன் கையால் கொடுத்த சாவிக்கொத்து அவர் இடுப்பிலேயே கிடக்கும். விடிகிற நேரத்துக்குக் கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிளில் வந்து, கேட்டைத் திறந்து, மெஷின்களை ஓட்டிச் சூடேற்றி வைப்பவர் அவர்தான்.

"இன்னா சார், நம்மளை வுட்டுப் போயி பெட்டி விக்கிறியா?" என்றார்.

"கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணா."

"நல்லா விய்யி. ஆனா டை கட்டிக்கினு லேத்துகிட்ட வராத. இழுத்துக்கினு பூடும்."

ஆயுத பூஜை வந்தது. ஹர்ஷா போனை அணைத்துவிட்டு, குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போய்விட்டார். கம்பெனிக்கு விடுமுறை. சவுரிமுத்து அன்றைக்கு ஒன்பது மணிக்கு மேல் வந்து கேட்டைத் திறந்து வைத்தார். வேதக்காரர்தான், மாதா கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனாலும் வருஷா வருஷம் வாழைக்கன்று கட்டுவதும் பொரிகடலை பொட்டலம் போடுவதும் அவர் பொறுப்பு. பேக்கிங்கில் வேலை பார்க்கும் தனம் அக்கா பத்து மணிக்கு ஆரத்தித் தட்டை எடுத்து, முதல் லேத்தில் ஆரம்பித்து வரிசையாகக் கடைசி லேத்து வரைக்கும் கற்பூரம் காட்டினார். மறுநாள் சவுரிமுத்து பிரசன்னாவின் வீட்டுக்கே வந்து பொரிப் பொட்டலம் கொடுத்தார்.

"உன் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வச்சாச்சு சார். தனம் அக்கா மெஷினுக்கு மட்டும் காட்டிக்கினு போச்சு. நான்தான் சொன்னேன், யக்கா, புதுசா வந்தவருக்கும் காட்டு, கோச்சுக்கப் போறாருன்னு. ஒவ்வொரு பெட்டிக்கும் கிட்டத்துல வச்சு நல்லா காட்டுச்சு."

ஜீவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். பிரசன்னாவும் சிரித்தான். துரைப்பாக்கம் ஆபீசிலும் அன்றைக்குப் பூஜை நடந்திருந்தது. கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைத்து, ஸ்ரீவத்சனே தேங்காய் உடைத்தார். அதையும் இங்கே சொல்லி வைப்பது நல்லது.

அடுத்த வாரம் ஸ்ரீவத்சன் பிரசன்னாவை காரில் ஏற்றிக்கொண்டு பழைய கம்பெனிக்குப் புறப்பட்டார். வழியெல்லாம் ஒரே உற்சாகம்.

"இன்னிக்கு ஆர்டர் கையில பிரசன்னா. டேட்டா டீம் என்னமோ ஒண்ணைப் பிடிச்சிருக்காங்க. ஹர்ஷாவுக்கு ராத்திரியே அனுப்பிட்டேன். நீங்க அடுத்த வாரத்துலேர்ந்து சேல்ஸ் இல்ல, ஞாபகம் வச்சுக்கோங்க."

பிரசன்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இந்தச் செய்தியை ஜீவிதாவிடம் எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தான்.

கண்ணாடி அறைக்குள் நுழைந்தபோது சவுரிமுத்து ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. ஹர்ஷா தன் கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

"சவுரிமுத்து, பூஜை அன்னிக்கு விடியக்காலை நாலரை மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"வூட்டுல சார். தூங்கிக்கினு இருந்தேன்."

"சாவி உங்ககிட்டதானே இருக்கு? வேற யார்கிட்டயும் இல்லையே?"

"இல்ல சார்."

"அப்போ இதைப் பாருங்க. லீவு நாள், விடியக்காலை. முதல் லேத்து சூடாகுது, அப்புறம் ரெண்டாவது, மூணாவது. வரிசையா கடைசி வரைக்கும். யாரோ என் மெஷினை ஓட்டி வெளி ஆளுக்கு ஜாப் பண்ணிக் கொடுத்திருக்காங்க. யாரு?"

சவுரிமுத்து அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தார். வண்ண வண்ணமாகக் கோடுகள். "நான் ஒம்பது மணிக்கு மேலதான் தொறந்தேன் சார்," என்றார். "உங்க படத்துல விடியகாலைன்னு கீது. அதுக்கு நான் இன்னா சொல்றது?"

"இது வெறும் பழுது பார்க்கற சிஸ்டம் இல்ல சார்," என்றார் ஸ்ரீவத்சன், மேசைக்கு முன்னால் சாய்ந்து. "திருட்டையும் பிடிக்குது. இந்த ஃபீச்சர் வேற யார்கிட்டயும் கிடையாது."

"வேலையை விட்டுப் போறதா, போலீசுக்குப் போறதான்னு அவரே முடிவு பண்ணட்டும்," என்றார் ஹர்ஷா. "ஸ்ரீவத்சன், எல்லா மெஷினுக்கும் போட்டுடுங்க. பேப்பர்ஸ் அனுப்புங்க."

பிரசன்னாவுக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. நாலரை என்பது அந்த ஊர் நாலரை, நம் ஊர் பத்து மணி. வரிசையாகச் சூடேறியது தனம் அக்காவின் தட்டு. வாயைத் திறந்தால் ஆர்டர் போகும், ஆரோன் உட்கார்ந்திருப்பதைப் போன்ற நாற்காலியும் போகும். திறக்காவிட்டால் சவுரிமுத்து திருடன். அவன் ஸ்ரீவத்சனைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் இன்னொன்றும் புரிந்தது. அவருக்கும் அந்த மணி விஷயம் ஞாபகம் வந்துவிட்டது. வந்தும் பேப்பர் அனுப்புவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

மேலே ஒரு விமானம் போனது. கண்ணாடி அதிர்ந்தது. அது போகும்வரை எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். ஆண்டவர் அவனுக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

"சார், எல்லாரும் ஒரு நிமிஷம் வெளிய வர முடியுமா?" என்றான் பிரசன்னா.

"எதுக்கு?" என்றார் ஸ்ரீவத்சன்.

"டெமோ காட்டணும் சார். ஹர்ஷா சார், போனைக் கையில வச்சுக்குங்க."

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்றிருந்தன. பிரசன்னா சாமி அலமாரிக்குப் போனான். பிள்ளையார், லட்சுமி, அவர்களோடு ஓரத்தில் ஒரு வேளாங்கண்ணி மாதா. அங்கே இருந்த கற்பூர டப்பாவை எடுத்து, தட்டில் இரண்டு வில்லை வைத்துக் கொளுத்தி, மூன்றாவது லேத்தின் பெட்டிக்குக் கிட்டே பிடித்தான். பெட்டியின் மேல் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த தனம் அக்கா எச்சில் கையோடு எழுந்து நின்றார். கன்னத்தில் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஹர்ஷாவின் போன் கத்தியது.

"என்ன சார் போட்டிருக்கு?" என்று கேட்டான் பிரசன்னா.

"மெஷின் மூணு, ஓவர்ஹீட்டிங்," என்று படித்தார் ஹர்ஷா.

"மணி என்ன போட்டிருக்கு?"

ஹர்ஷா போனைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே சுட்டெரிக்கும் வெயிலைப் பார்த்தார். "காலை ஏழு நாற்பது."

"பூஜை அன்னிக்கு ஓடினது மெஷின் இல்ல சார். தனம் அக்கா ஆரத்தி எடுத்தாங்க. பெட்டிக்கும் காட்டினாங்க. மெஷின் ஓடியிருந்தா அதிர்வு வந்திருக்கணும். அந்தப் படத்துல அதிர்வுக் கோடு படுத்துக் கிடக்கு. எங்க டீம் அதைப் பெட்டிக்கோளாறுன்னு ஓரத்துல எழுதி வச்சிருக்காங்க. கடிகாரமும் எங்களோடது தப்பு. எனக்கு முன்னாடியே தெரியும்."

ஸ்ரீவத்சன் தொண்டையைக் கனைத்தார். "அது ஒரு சின்ன டைம்ஸோன் செட்டிங் சார்..."

ஹர்ஷா சிரித்துவிட்டார். வெட்கப்பட்ட சிரிப்பில்லை. சினிமாவில் நல்ல கட்டத்தைப் பார்த்தவர் சிரிக்கிற சிரிப்பு. "கற்பூரத்தையே பிடிக்குதா? சென்சிடிவிட்டி பரவாயில்லையே. மணியை மட்டும் சரிபண்ணிக் கொடுங்க ஸ்ரீவத்சன், எடுத்துக்கறேன்." பிறகுதான் பக்கத்தில் ஒரு மனுஷன் நிற்பது ஞாபகம் வந்தது. "சரி சவுரிமுத்து, நீங்க போய் வேலையைப் பாருங்க."

அவ்வளவுதான். ஒருவரைத் திருடன் என்று சொல்ல வண்ணப் படம், கம்ப்யூட்டர், கண்ணாடி அறை எல்லாம் வேண்டியிருந்தது. இல்லை என்று சொல்ல, வேலையைப் பாருங்க என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

சவுரிமுத்து இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். மூன்றாவது லேத்தின் மேல், கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்ன டிராமா?" என்றார் ஹர்ஷா.

"டிராமா இல்ல சார். சாவி வச்சிருந்தவன்தான திருடன்? இனிமே நீங்களே வச்சுக்கங்க. எட்டு மணிக்கு வந்து கேட்டாண்ட நிக்கிறேன். தொறந்து வுடுங்க, வேலை செய்றேன்."

"சவுரிமுத்து, விடியக்காலையில யாரு வந்து..."

"முன்னாடி பெரிய சார் வருவாரு சார்," என்றார் சவுரிமுத்து. அதைக் குத்தலாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று அவர் குரலில் தெரியவில்லை. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டு தனம் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது ரேடியல் ரோடு முழுக்க ஸ்ரீவத்சன் முன்னால் போன வண்டிகளைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கரணை நாற்றம் வந்தபோது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "நீங்க சேல்ஸுக்கு லாயக்கில்ல பிரசன்னா," என்றார்.

"தெரியும் சார்."

"இனிமே கஸ்டமர் முன்னாடி உங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது. என்ன பண்றது உங்களை?"

என்ன பண்ணினார்கள் தெரியுமா? அடுத்த வாரம் அவனைத் தூக்கி டேட்டா டீமில் போட்டார்கள். வெகுமானம் என்று ஆசை காட்டியதையே தண்டனை என்று கொடுத்தார்கள். உண்மை பேசுகிறவனை ஆள் பார்க்காத இடத்தில் உட்கார வைப்பதற்கு அந்த ஆபீசில் அதை விட்டால் வேறு இடம் இல்லை போலிருக்கிறது. புது விசிட்டிங் கார்டு வந்தது. கோயில் வாசலில் எண்ணெய் மனுஷர் அதை வாங்கிப் பர்சில் வைத்துக்கொண்டார்.

"சயின்டிஸ்ட்டா?" என்றார். "அப்பவே சொன்னேன்ல?"

"ஆமா அங்கிள், நீங்கதான் சொன்னீங்க," என்றாள் ஜீவிதா.

பிரசன்னா அந்த வேலையில் முதலில் செய்தது கடிகாரத்தைத் திருத்தியதுதான். எல்லாக் கம்பெனியின் படங்களும் நம் ஊர் மணிக்கு வந்தன. வருஷத்தில் ஒருநாள் பெட்டிகள் கற்பூரத்தைக் கண்டு கத்தக் கூடாது என்றும் எழுதி வைத்தான். அதற்கு எந்தக் கப்பல் கணக்கும் உதவவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஸ்ரீவத்சன் அவன் மேசைக்கு வந்தார். ஹர்ஷாவின் கம்பெனிப் படம் அவர் கையில்.

"பிரசன்னா, இது என்ன? முன்னாடியெல்லாம் காலையில டாண்ணு மெஷின் ஓட ஆரம்பிச்சுது. இப்போ ஒருநாள் ஒம்பதரை, ஒருநாள் பத்து, ஒருநாள் பத்தே முக்கால். புரொடக்‌ஷன் குறைஞ்சுபோச்சுன்னு ஹர்ஷா கத்தறார். ஏன்னு டேட்டாவை வச்சுக் கண்டுபிடிச்சுக் கொடுக்கணுமாம். மறுபடியும் மணித் தப்பா?"

"இல்ல சார். இப்போ மணி சரியாத்தான் காட்டுது."

"அப்போ காரணம்?"

பிரசன்னா அறிக்கையைத் திறந்தான். காரணம் என்ற கட்டத்தில் எழுதினான்: 'சாவி முதலாளியிடம் இருக்கிறது.'

ஸ்ரீவத்சன் அதை இரண்டு தடவை படித்தார். அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்க வாயைத் திறப்பதற்குள், பிரசன்னா அனுப்பிவிட்டிருந்தான்.